அம்மையீர் ஏறிய பஸ்

எங்கள் நாடகக் குழுவுக்குச் சொத்து என்று இருந்தவை ஆறு துண்டுகள்தான். குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற சாதாரண ஈரிழைத் துண்டுகள். மேடையில் அதைத் தோளில் போட்டால் ஆண். தலையில் போட்டால் வெயிலில் போகிற பெண். சுருட்டிக் கையில் ஏந்தினால் குழந்தை. முறுக்கி வட்டமாகப் பிடித்தால் டிரைவரின் ஸ்டியரிங். வேறு உடையோ ஒப்பனையோ திரையோ கிடையாது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தச் சிரிப்பு நாடகங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் துண்டு நாடகம். சின்ன நாடகம் என்பதாலா, துண்டை வைத்து நடிப்பதாலா என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிடுவோம்.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்லூரியில் படித்தேன். தேனியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருந்த பெண்கள் கல்லூரி அது. எங்கள் ஊர் போடிக்கும் தேனிக்கும் நடுவில் இருந்தது. அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், தினமும் போய்வர முடியாது என்று விடுதியில் சேர்த்தார்கள். குழு எப்படித் தொடங்கியது என்பதை விடுதியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். விடுதி நாளுக்கு ஒரு வருடம் சினிமாப் படம் காட்டுவதாக இருந்ததாம். மிஷின் வந்தது, திரை கட்டினார்கள், படம் மட்டும் ஓடவில்லை. மிஷின்காரர் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்க, கூட்டம் எழுந்து போகப் பார்த்தது. மூன்று பெண்கள் பின்கட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளை உருவிக்கொண்டு வந்து, அந்த மிஷின்காரர் மாதிரியும் அவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறவர்கள் மாதிரியும் நடித்தார்களாம். மிஷின்காரரே வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார் என்பார்கள். அதன் பிறகு விடுதி நாளில் யாரும் சினிமா கேட்கவில்லை.

அந்த மூவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போன வழக்கங்கள் அப்படியே இருந்தன. ஒத்திகை விடுதிக்குப் பின்னால் துவைகல்லைச் சுற்றி நடக்கும். நேரம், சாயங்கால டிபனுக்கும் படிப்பு மணிக்கும் இடையில். எதையும் எழுதக் கூடாது. ஒருத்தி ஒரு சம்பவத்தைச் சொல்லுவாள், இன்னொருத்தி அதை நடித்துப் பார்ப்பாள், எங்கே சிரிப்பு வருகிறதோ அந்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். அதற்கு நாடகம் ‘கட்டுறது’ என்று பெயர். இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் வீட்டுக் கதையோ அதை அந்த வீட்டுக்காரிதான் நடிக்க வேண்டும். அடுத்த வீட்டு அம்மாவைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. தன் அம்மாவை வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் நான் குழுவில் சேர்ந்தபோது அதன் தலைவி கடமலைக்குண்டிலிருந்து வந்த மூன்றாம் ஆண்டுப் பெண். அவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல உயரம், கனத்த குரல். ஆண் வேடமெல்லாம் அவளுக்கே. அவளுக்கு அடுத்தபடி தேனிக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்தவரின் மகள். என் வகுப்புதான். ஊரே சிரித்தாலும் அவள் முகத்தில் ஒரு கோடு அசையாது. கல்லாவில் உட்கார்ந்து பழகிய முகம் என்று அவளே சொல்லுவாள்.

நான் ஏன் சேர்ந்தேன் என்றால், எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. அது அம்மாவின் கதை.

அம்மாவுக்குப் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலை. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைக் கொட்டி, பச்சை மாறாதது, வெளிறியது, வெடித்தது, கறுத்தது என்று கையால் பிரித்துப் போட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் ஏலக்காய் வாசம் சேலையில் மட்டுமல்ல, தலைமுடியில், நகக்கண்ணில் எல்லாம் ஏறிவிடும். எத்தனை குளித்தாலும் போகாது. அவள் பிசைந்த சோறும் மணக்கும். ஒரு நாள் வேலை முடிந்து பஸ் ஏறியபோது கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, ஏலக்காய் மூட்டையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய், லக்கேஜ் டிக்கெட் எடு என்று கேட்டிருக்கிறார். அம்மா சொன்ன பதிலை வீட்டில் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள்: “மூட்டையும் இல்ல, முடிச்சும் இல்ல. நாந்தேன் ஏலக்கா. எனக்கு லக்கேஜு போடு.” அப்பாவுக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. துவைகல்லில் நான் இதைச் சொன்ன அன்றே பெரியக்கா என் தோளில் ஒரு துண்டைப் போட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டாள். அதைத் தக்க சமயத்தில் கட்டுவோம் என்று வைத்திருந்தாள்.

அந்தச் சமயம் வருவதற்குள் எங்கள் துண்டே எங்களுக்கு வினையாக வந்தது.

அது முந்திய வருடமே தொடங்கியது. குழுவில் சேரும் முன் நான் பார்த்த விடுதி நாளில், ஒரு கல்யாண வீட்டை நடித்தார்கள். பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிற பெரியவராகப் பெரியக்கா வந்தாள். ஆண் என்பதால் தோளில் துண்டு. அன்று முன்வரிசையில் கல்லூரிக் கமிட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவரும் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் முந்தைய பேச்சாளர் பேசும்போது கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாராம். மேடைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவர் தன் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுநாள் முதல்வருக்குப் புகார் போனது. எங்கள் மேடையில் ஆண் என்றால் துண்டுதான், துண்டு போட்டவரையெல்லாம் கேலி செய்தோம் என்றால் இந்த ஜில்லாவில் ஒருவரும் மிஞ்ச மாட்டார் என்று பெரியக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

முதல்வர் கெட்டவர் அல்லர். மெல்லப் பேசுவார், சொன்னதை மாற்ற மாட்டார். அடுத்த விடுதி நாள் நெருங்கியபோது எங்களைக் கூப்பிட்டார். இனி நாடகத்தை முழுவதும் எழுதி ஒரு வாரம் முன்னால் தர வேண்டும் என்றும், ஒவ்வொரு பக்கத்திலும் தான் கையெழுத்துப் போடுவதாகவும், நாடகம் நடக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதாகவும் சொன்னார். எழுதியது ஒன்று, பேசியது ஒன்று என்றிருந்தால் அன்றோடு குழு இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைக் கும்மிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

எழுதத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். ஆனால் நாடகத்தை யாரும் எழுதியதில்லை. பெரியக்கா என்னைத்தான் பார்த்தாள். விடுதியில் தமிழில் முதல் மதிப்பெண் எனக்கு.

இங்கே என் கர்வத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். எங்கள் தெருவுக்கே நான்தான் கடுதாசி எழுதுவேன், வந்த கடுதாசியை வாசித்துக் காட்டுவேன். நான்காம் வகுப்பில் ‘எங்கள் வீடு’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘அப்பா வந்தாக, அம்மா சோறு போட்டாக’ என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. வாத்தியார் இரண்டு ‘ஆக’வையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வகுப்பில் உரக்க வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள், இருந்தாலும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் தாளில் யாரும் வட்டம் போட்டதில்லை. வீட்டுப் பேச்சு வாயோடு, புத்தகத் தமிழ் கையோடு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டேன்.

அதனால் அம்மாவின் பஸ் கதையை எழுத உட்கார்ந்தபோது கை தானாகப் புத்தகத் தமிழுக்குப் போனது. கண்டக்டர் நடத்துநரானார். டிக்கெட் பயணச்சீட்டானது. மூட்டை பொதியானது. பேசுவதை அப்படியே எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதிய பதினோரு பக்கத்தையும் முதல்வர் படித்து, ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதங்களை நான் துவைகல்லுக்குக் கொண்டுவந்த நடையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பெரியக்கா முதல் பக்கத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏத்தா, எந்தூரு கண்டக்டரு இவுக?”

போடி பஸ் கண்டக்டர்தான் என்றேன்.

“போடியில ‘உள்ள போ’ன்னு சொல்ல ஆரம்பிச்சா, இவுக சொல்லி முடிக்கையில தேனி வந்துருமே.”

கடைக்காரர் மகள் கோழியோடு பஸ் ஏறுகிற பயணி. அவள் தன் பகுதியை எடுத்துப் பார்த்தாள். “‘தங்கள் கோழி’ன்னு எழுதிருக்க. இம்புட்டு மரியாத குடுத்தா அது முட்ட போடுமா, சொற்பொழிவு ஆத்துமா?”

ஒரு பிழையாவது காட்டுங்கள் பார்ப்போம் என்று நான் சண்டைக்குப் போனேன்.

“பிழை இல்ல,” என்றாள் பெரியக்கா. “அதேன் கொடுமையா இருக்கு.”

பேசிப் பார்த்தோம். நாக்கு ஒத்துழைக்கவில்லை. வழக்கமாக நாங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு ஓடுவோம். இதில் ஒவ்வொருவரும் வாக்கியம் முடிகிறவரை காத்து நிற்க வேண்டியிருந்தது. பாட்டனி வகுப்பில் ஒப்பிப்பது போல என்றாள் தாவரவியல் படித்த ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. வேறு எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. முதல்வர் ஒரு வாரக் கெடுவைத் தாண்டி எதையும் வாங்க மாட்டார். எழுதியபடி பேசினால் கூட்டம் கொட்டாவி விட்டுக் குழு தானாகச் சாகும். மாற்றிப் பேசினால் முதல்வர் கையால் சாகும். பெரியக்கா இதை இப்படியேதான் சொன்னாள். நான் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. என் கட்டிலுக்கு வந்து அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுதியது அழகாகத்தான் இருக்கிறது, அழகை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்க வைப்பது என்றுதான் தெரியவில்லை என்றாள். மூன்று வருடம் நடித்தவள். தன் காலத்தில் குழு முடிந்தது என்ற பேர் வந்துவிடுமே என்பதுதான் அவள் கவலை. அதைக் கொண்டுவரப் போவது நான்.

விடுதி நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதல் முறையாக அம்மா வந்திருந்தாள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, கிட்டங்கியிலிருந்து நேரே வந்திருந்தாள். மாற்றுச் சேலை கொண்டுபோய் அங்கேயே உடுத்தியிருந்தாள். இருந்தாலும் அவள் பந்தலுக்குள் நுழைந்தபோதே இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்து, பாயசம் போடுகிறார்களா என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில், கடைக்காரர் வீட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. முன்வரிசையில் முதல்வர். மடியில் நான் எழுதிய காகிதங்களின் நகல், கையில் பென்சில்.

பெரியக்கா எப்போதும் மேடைக்குத் தாவித்தான் ஏறுவாள். அன்று ஈரத் தரையில் நடக்கிறவள் போல அடிமேல் அடி வைத்து வந்தாள். துண்டைத் தோளில் குறுக்காக மாட்டியிருந்தாள், அது கண்டக்டர் பை. முதல்வரின் பென்சிலைப் பார்த்தாள். பிறகு, தேர்வு மேற்பார்வையாளர் முன்னால் நிற்கிற பெண்ணைப் போல, ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்து வைத்தாள்.

“பெருமக்களே, சற்று உள்ளே நகருங்கள். படியில் நிற்பது தகாது.”

ஒரு சத்தமும் இல்லை. பெரியக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள்.

“தாங்கள் நகர்ந்தால்தானே பின்னால் நிற்கும் பெருமக்களும் நகர இயலும்?”

பின்னால் எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. அவ்வளவுதான், பந்தல் முழுவதும் பற்றிக்கொண்டது. தினமும் பஸ்ஸில் இடித்துத் தள்ளி வருகிற கூட்டம் அது. தங்களைப் பெருமக்களே என்று கூப்பிட்டு, இவ்வளவு பொறுமையாக உள்ளே போகச் சொல்கிற ஒரு கண்டக்டரை அவர்கள் கண்டதில்லை. பெரியக்கா சிரிக்கவில்லை. பயத்தில் அவளால் முடியவில்லை. அந்தப் பயந்த முகம்தான் அன்று எங்கள் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது.

கோழி வந்தது. தங்கள் கோழி பயணச்சீட்டுப் பெற்றுவிட்டதா என்று நடத்துநர் கேட்க, கடைக்காரர் மகள் அசையாத முகத்தோடு, அது மடியில் வரும் பிள்ளை ஐயா, இன்னும் ஓராண்டுகூட நிரம்பவில்லை என்றாள். தேனிக் கடைத்தெருக்காரர்கள் நாற்காலியைத் தட்டினார்கள்.

நான் ஓரமாக, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என் முறைக்காக நின்றுகொண்டிருந்தேன். குழு பிழைத்தது என்று மற்றவர்கள் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு மட்டும் காது எரிந்தது. அவர்கள் கதைக்குச் சிரிக்கவில்லை. என் தமிழுக்குச் சிரித்தார்கள். நான் பாடுபட்டுக் கற்று, ஒரு வட்டம் விழாமல் காப்பாற்றி வைத்திருந்த தமிழுக்கு. ஒவ்வொரு சிரிப்பும் அந்த வாத்தியாரின் சிவப்பு மை போல இருந்தது.

என் இடம் வந்தது. பெரியக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் அருகில் வந்தாள். “அம்மையீர், இவ்விடத்தில் ஏலக்காய் மணக்கிறது. தங்களிடம் பொதி ஏதேனும் உண்டா?”

பந்தல் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குகிறவரை நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஆசை வந்தது. அம்மா சொன்ன பதிலை, அம்மாவின் வாயிலிருந்து வந்தபடியே சொல்லிவிட வேண்டும் என்று. நாந்தேன் ஏலக்கா, எனக்கு லக்கேஜு போடு. சொன்னால் கூட்டம் வேறு மாதிரிச் சிரித்திருக்கும்; சிரிப்பு என் தமிழை விட்டுவிட்டு அந்தக் கண்டக்டர் பக்கம் திரும்பியிருக்கும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. முதல்வரின் பென்சில் அடுத்த வரியில் தயாராக நின்றது. பெரியக்காவின் கண் என்னை விட்டு அசையவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் எழுதியிருந்ததைச் சொன்னேன். “பொதி இல்லை, ஐயா. மணப்பது நானே.”

அன்றைய சிரிப்பில் பெரிய சிரிப்பு அதற்குத்தான். நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். பக்கத்தில் கடைக்காரர் வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா சிரிக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, முக்கியமான சேதியைக் கேட்கிறவள் போல முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாடகத்தின் கடைசி வரி நானாகச் சேர்த்தது. நடத்துநர் சொல்லுவார்: “அப்படியாயின் தாங்கள் அமருங்கள், அம்மையீர். பேருந்து முழுவதும் மணக்கட்டும்.” கைதட்டலுக்கு நடுவில் பெரியக்கா ‘ரைட்’ என்று கத்தவில்லை. “ஓட்டுநரே, செல்லலாம்” என்றாள், எழுதியிருந்தபடி.

முடிந்ததும் முதல்வர் எங்களைக் கூப்பிட்டு நகலைக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. ஒரு சொல்கூட மாறவில்லை என்றார். “நான் படித்தபோது இதில் சிரிப்பே இல்லையே. எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டார். எங்கேயும் ஒளிக்கவில்லை, எழுதியதைத்தான் பேசினோம் என்றாள் பெரியக்கா. குழு இருக்கலாம், எழுதித் தருவதும் இருக்கட்டும் என்று முடித்துவிட்டார். பெரியக்கா என்னை அப்படியே தூக்கிச் சுற்றினாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு ஒரு புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நல்லாப் பேசுனீக எல்லாரும்,” என்றாள்.

“எல்லாரும் சிரிச்சாகம்மா.”

“அதேன் எனக்கு வெளங்கல. என்னத்துக்குச் சிரிச்சாக? அந்தக் கண்டக்டரு புள்ள மரியாதையாத்தான கேட்டுச்சு?”

“கண்டக்டரு யாரும் அப்பிடிப் பேச மாட்டாகல்ல. அதேன் சிரிச்சாக.”

அம்மா கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“பேசலாம்ல,” என்றாள்.

அது உன் கதைதானம்மா, அந்த அம்மையீர் நீதான் என்று பேச்சை மாற்றினேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“கத என்னுதுதேன். ஆனா அந்த அம்மையீரு நான் இல்ல. அவுக வேற. அவுக கோவப்படாம, நிதானமாப் பதிலு சொன்னாக. நான் அன்னைக்கு அவன வஞ்சுபுட்டு எறங்கிட்டேன்ல.”

“எறங்கிட்டியா?”

“முந்தானைய ஒதறிக் காட்டுன்னான். அம்புட்டுப் பேரு முன்னால ஒதறிக் காட்டுனேன். பெறகு அந்த வண்டியில எப்பிடி ஒக்காந்து வர்றது? எறங்கி நடந்துட்டேன். அத எதுக்கு வீட்டுல சொல்லிக்கிட்டு.”

அந்த நாள் எனக்கு நினைவு இருந்தது. அம்மா விளக்கு வைத்த பிறகு வந்தாள். தொட்டியடியில் வெகுநேரம் கால் கழுவினாள். பிறகு வந்து உட்கார்ந்து, நாந்தேன் ஏலக்கா என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். கல்லூரியில் சொல்லிக் குழுவில் இடமும் பிடித்தேன்.

அம்மையீர் என்பது ஒரு பெயர் இல்லை, மரியாதைக்குச் சொல்லுகிற சொல் என்று அம்மாவுக்கு விளக்கலாம் என்று நினைத்தேன். அவள் அந்தப் பெண்ணை ‘அவுக’ என்று சொன்னதைக் கேட்ட பிறகு விளக்க மனம் வரவில்லை.

அடுத்த வருடம் பெரியக்கா படிப்பு முடிந்து கடமலைக்குண்டுக்குப் போய்விட்டாள். துண்டுகள் என் பொறுப்புக்கு வந்தன. மறுபடியும் புத்தகத் தமிழிலேயே எழுது, பந்தல் கிழியும் என்றார்கள் எல்லாரும். நான் மாட்டேன் என்றேன். எதற்குச் சிரிக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை நான் முடிவு செய்ய நினைத்தேன். தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றி ஒரு நாடகம், முழுவதும் எங்கள் வீட்டுப் பேச்சில் எழுதினேன். ‘வந்தாக’ என்று எழுதப் போனபோது கை நின்றது. நான்காம் வகுப்புக்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதியதில்லை. எழுதினேன். ‘போனாக’, ‘சொன்னாக’, ‘அங்கன’, ‘இங்கன’ எல்லாம் எழுதினேன்.

முதல்வர் பென்சிலை எடுத்து முதல் ‘வந்தாக’வின் மேல் வைத்தார். இது எழுத்துப் பிழையா, தெரிந்து எழுதியதா என்று கேட்டார். தெரிந்துதான் எழுதினேன் என்றேன். “அப்படியானால் மேடையிலும் இப்படியேதான் சொல்ல வேண்டும்,” என்றார். சரி என்றேன். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

லீவில் ஊருக்குப் போனபோது அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அம்மா சேலை மடித்துக்கொண்டே கேட்டாள். சில இடத்தில் சிரித்தாள். முடிந்ததும், நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் நாடகம் எங்கே இருக்கிறது, நாம் பேசுவதைத்தானே எழுதியிருக்கிறாய் என்றாள். பிறகு மடித்த சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அந்த அம்மையீரு இந்த வருசம் வர மாட்டாகளா?”

நான் கல்லூரிக்குத் திரும்பி, முதல்வரிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கூடுதலாகக் கையெழுத்து வாங்கினேன். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த வருட நாடகத்தில், வரிசையில் எல்லாரும் எங்கள் ஊர்ப் பேச்சில் அடித்துக்கொண்டிருக்கும்போது, தலையில் துண்டு போட்ட ஒரு பெண் வருவாள். சண்டை போடுகிறவர்கள் அப்படியே நிறுத்தி, “வாருங்கள், அம்மையீர். தாங்கள் முன்னே செல்லுங்கள்,” என்று வழி விடுவார்கள். அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும். அந்த இடம் பிடித்துப்போய், அதற்கடுத்த வருடமும் வேண்டும் என்றார்கள். நான் படித்து முடித்துப் போன பிறகும் அது நிற்கவில்லை.

இப்போது கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வருடம் விடுதி நாளுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். துண்டு நாடகம் ஒரு சலூன் கடையைப் பற்றியது. நன்றாகக் கட்டியிருந்தார்கள். சலூனில் பெண்ணுக்கு என்ன வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தலையில் துண்டோடு ஒருத்தி உள்ளே வந்தாள். கத்தரியும் சீப்பும் நின்றன. வாருங்கள் அம்மையீர் என்றார்கள். அவள் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போனாள்.

முடிந்ததும் தலைவியைத் தேடிப் போய், அந்த இடம் எதற்கு வருகிறது என்று கேட்டேன். முதலாண்டுக்காரிகள் நாலைந்து பேர் சூழ்ந்து நின்றார்கள்.

“அது ஒரு அக்கா பேரு டீச்சர்,” என்றாள் தலைவி. “எங்க குழுவ ஆரம்பிச்சவுகளாம். அம்மையீருன்னு இருந்தாகளாம். ஏலக்கா யாவாரிக வீடுன்னு சொல்லுவாக.”

பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் திருத்துவதுதான் என் வேலை. கைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மையீர் ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண்ணாம் என்றேன். அம்மா ஆச்சரியப்படவில்லை.

“நானும் அப்பிடித்தேன் நெனச்சேன்,” என்றாள். “அம்புட்டுப் பொறுமை நமக்கு ஏது?”